பல இனக் குடும்பங்களை ஆராயும் துறை: தலைமை என்பது என்ன, நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் குடும்பவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. புலம்பெயர்ந்தோர், கறுப்பினத்தவர், லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்), கலப்பினத்தவர் எனப் பல இனக் குடும்பங்களில் பிள்ளை வளர்ப்பு எப்படி நடக்கிறது என்று ஆராய ஆசை. இரண்டு பேராசிரியர்கள் நெறியாளராக இருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் மூத்தவர், பெயர் பெற்றவர், ஆய்வு நல்கைகளுக்கு, அதாவது நிதியுதவிக்கு, குறைவில்லாதவர். ஆனால் இந்தக் குடும்பங்களைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. மற்றவர் இளையவர், தாமே சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தவர், இதே பொருளில் உழைப்பவர். பணி நிரந்தரம் இன்னும் ஆகவில்லை. யாரிடம் சேர்வது? இந்தத் துறையில் 'தலைமை', 'வழிகாட்டல்' என்று இவ்வளவு பேசுகிறார்களே, மற்ற துறைகளில் இல்லாத எது இதில் இருக்கிறது?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்வியின் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

மற்ற பல துறைகளில் மாணவருக்குக் கேள்விகள் தயாராகக் காத்திருக்கும். வழிகாட்டியின் வேலை அவற்றை அணுகும் முறையைக் கற்றுத்தருவது. இந்தத் துறையில் கேள்வியே கோணலாகத்தான் வந்து சேர்ந்தது. வெள்ளையர் நடுத்தரக் குடும்பத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எங்கே குறைகிறார்கள் என்று பார்ப்பதே நெடுங்காலம் ஆய்வு எனப்பட்டது. அதை மாற்ற வந்தவர்கள் தரவு, கருத்துச் சட்டகம், ஆய்விதழில் இடம், தங்களுக்குப் பின் வேலை செய்ய ஆட்கள் என நான்கையும் ஒரே நேரத்தில் உண்டாக்க வேண்டியிருந்தது. இங்கே வழிகாட்டல் ஆய்வுக்குப் பக்கத்தில் நடக்கும் நற்செயல் அல்ல; ஆய்வு நடந்த வழியே அதுதான். யார் கேள்வியை அமைப்பது என்பதைத் தலைமை என்றும், அந்த உரிமையை அடுத்தவர் கையில் ஒப்படைப்பதை வழிகாட்டல் என்றும் நான் புரிந்துகொள்கிறேன்.

இதன் தொடக்கத்தை 1896இல் பார்க்கலாம். ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் வாழ்ந்த கறுப்பின மக்களை ஆராய பென்சில்வேனியா பல்கலைக்கழகம் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸை அமர்த்தியது. அவர் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். கொடுத்த பதவியோ சமூகவியல் உதவியாளர். மாணவர்களும் இல்லை, வகுப்பும் இல்லை. அவரே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கேள்வி கேட்டார். 1899இல் நூல் வெளிவந்தது. அதற்குள் அவர் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தார். அங்கே ஆண்டுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு மாநாடுகளும் அறிக்கைகளும் நடத்தினார். 1908ஆம் ஆண்டு அறிக்கையின் பொருள் கறுப்பின அமெரிக்கக் குடும்பம். பெரிய நிதி எதுவும் இல்லாத நிலையில், கறுப்பினக் கல்லூரிகளில் படித்து வெளியேறியவர்கள் தத்தம் ஊர்களிலிருந்து தகவல் திரட்டி அனுப்பினார்கள். படித்தவர்களையே ஆய்வுக்கு உடனுழைப்பாளர்களாக்கிய அந்த ஏற்பாட்டைத்தான் பின்னால் வந்தவர்கள் வேறு வேறு வடிவங்களில் செய்தார்கள்.

அடுத்த தலைமுறையில் ஈ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர். 1939இல் கறுப்பினக் குடும்பம் பற்றிய பெருநூல், 1948இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவர், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் நீண்டகால ஆசிரியப் பணி. பதவி, புகழ் எல்லாம் இருந்தன. ஆனால் அடிமை முறையும் நகர வறுமையும் குடும்பத்தைச் சிதைத்தன என்று அவர் எழுதியதில், முன்பாதி மங்கிப் பின்பாதி மட்டும் ஊருக்குப் போனது. 1965இல் அமெரிக்க அரசின் தொழிலாளர் துறையில் உதவிச் செயலராக இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹன், கறுப்பினக் குடும்பம் பற்றிய தம் அறிக்கையில் ஃபிரேசியரைத் துணைக்கு அழைத்தார். நியாயமாகச் சொன்னால் மொய்னிஹனும் வேலையின்மையைப் பற்றி நிறையவே பேசியவர்தான். ஆனால் மக்கள் மனத்தில் நின்றது, கறுப்பினக் குடும்பம் நோய்க்கூறுகளின் சிக்கல் என்ற அந்த ஒற்றைத் தொடர். மறுத்துப் பேச ஃபிரேசியர் உயிரோடு இல்லை, 1962இலேயே மறைந்துவிட்டார். ஒருவர் எவ்வளவு உயர்ந்த நாற்காலியில் இருந்தாலும், தம் வாதத்தைத் தொடர்ந்து காக்க ஆட்கள் போதுமான அளவில் இல்லையென்றால் அதை யாரும் தமக்கு வேண்டிய திசையில் திருப்பிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

மறுப்புகள் உடனே வந்தன. 1968இல் ஆண்ட்ரூ பில்லிங்ஸ்லி, வெள்ளையர் சமூகத்துக்குள் வாழும் கறுப்பினக் குடும்பத்தை ஒரு சமூக அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். 1972இல் ராபர்ட் ஹில் அக்குடும்பங்களின் பலங்கள் என ஐந்தைப் பட்டியலிட்டார்: வலுவான உறவுப் பிணைப்பு, உழைப்பில் நாட்டம், தேவைக்கேற்ப மாறும் குடும்பப் பொறுப்புகள், முன்னேறும் வேட்கை, சமயப் பற்று. அந்த நேரத்துக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் குறைகளை எண்ணியவர்களுக்குப் பதிலாக நிறைகளை எண்ணுவதும் கடைசியில் அதே கணக்குதான் என்று எனக்குத் தோன்றும். இதை 1978இல் வால்டர் ஆலன் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பார்வை கறுப்பினக் குடும்பத்தைப் பிறழ்ந்தது என்கிறது. இன்னொன்று வெள்ளையர் குடும்பத்துக்குச் சமமானது என்கிறது. மூன்றாவது, தன் சூழலுக்கேற்ப வேறாக அமைந்தது என்கிறது. அந்த மூன்றாவதுதான் நிலைத்தது.

இனி, இந்தத் துறையில் தலைமைக்கு இலக்கணம் யார் என்று என்னைக் கேட்டால் நான் சொல்லும் பெயர் ஜேம்ஸ் ஜாக்சன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1976இல் கறுப்பின அமெரிக்கர் பற்றிய ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியவர். அப்போதைய நாடளாவிய கணக்கெடுப்புகளில் கறுப்பினத்தவர் சில நூறு பேர்தான் வருவார்கள். அந்தச் சில நூறை வைத்து அவர்களுக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பார்க்க முடியாது. வெள்ளையரோடு ஒப்பிட மட்டுமே முடியும். ஒப்பீட்டு ஆய்வுகள் மலிந்ததற்குக் கருத்து மட்டுமல்ல, மாதிரியின் அளவும் காரணம். ஜாக்சனும் அவர் குழுவும் 1979–80இல் 2,107 கறுப்பினப் பெரியவர்களிடம் நேர்காணல் நடத்தினார்கள்.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கறுப்பினத்தவர் அடர்த்தியாக வாழும் பகுதிகளில் சிக்கலில்லை. ஆனால் நாடு முழுவதற்கும் பொருந்தும் மாதிரி வேண்டுமென்றால், அவர்கள் அரிதாக வாழும் பகுதிகளையும் விட முடியாது. ஒரு குடும்பத்தைக் கண்டுபிடிக்க நூறு கதவுகளைத் தட்டினால் பணம் அங்கேயே கரைந்துவிடும். அதனால் அத்தகைய பகுதிகளில் சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, இந்தச் சுற்றுவட்டாரத்தில் கறுப்பினக் குடும்பம் இருக்கிறதா, எந்த வீடு என்று விசாரித்தார்கள். அரிதாக இருப்பவர்களை அக்கம்பக்கத்தார் அறிந்திருப்பார்கள் என்ற எளிய உண்மை, முறையான மாதிரித் தேர்வு நுட்பமாகிவிட்டது. நேர்காணல் செய்தவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். இந்த நுட்பம் சும்மா மேசையில் உட்கார்ந்து வந்ததல்ல. ஆய்வு செய்யப்படும் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருந்ததால் வந்தது.

இந்தத் தரவில் வேலை செய்த இளைஞர்கள் ஒரு தலைமுறை ஆய்வாளர்களாக வளர்ந்தார்கள். உறவினர் உதவி, தேவாலயத்தின் ஆதரவு ஆகியவற்றைப் பற்றி ராபர்ட் ஜோசப் டெய்லரும் லிண்டா சாட்டர்ஸும் பல ஆண்டுகள் எழுதியவை இந்த மண்ணில் முளைத்தவையே. 2001–2003இல் அதே குழு நடத்திய அடுத்த பெரிய கணக்கெடுப்பில் 6,082 பேர். அதில் கரீபிய வம்சாவளிக் கறுப்பினத்தவர் 1,621 பேரைத் தனியாகச் சேர்த்தார்கள். 'கறுப்பினத்தவர்' என்ற ஒரே பெட்டிக்குள் எத்தனை வரலாறுகள் என்று அப்போதுதான் எண்ணிக்கையோடு பேச முடிந்தது. மாணவருக்குத் தட்டிக்கொடுக்கும் பேராசிரியர்கள் நிறையப் பேர் உண்டு. ஆய்வேடு எழுதத் தொடங்கும் நாளில் அவர் கையில் உருப்படியான தரவையும் அதைப் பயன்படுத்தும் அனுமதியையும் வைத்துவிடும் பேராசிரியர் அரிது.

லத்தீனோ ஆய்வில் இதற்கு இணையாக ஜூலியன் சமோராவைச் சொல்வேன். சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் மெக்சிக அமெரிக்கர் என்று அறியப்படுபவர். நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் 1971 முதல் 1985 வரை மெக்சிக அமெரிக்கர் பற்றிய பட்டமேற்படிப்புத் திட்டம் நடத்தி, ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களை உருவாக்கினார். அதே காலகட்டத்தில் மேக்சின் பாக்கா சின், மெக்சிக அமெரிக்கக் குடும்பத்தின் எல்லாச் சிக்கல்களையும் ஆண்களின் முரட்டுத்தனத்தில் கட்டிவைத்த பழைய விளக்கத்தை உடைத்தார். பண்பாட்டின் மேல் பழிபோடும் முன் வேலை, கூலி, குடியேற்ற நிலை ஆகியவற்றைப் பாருங்கள் என்பது அவர் வாதம்.

வழிகாட்டல் என்றால் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவது என்றே பலர் நினைக்கிறார்கள். இந்தத் துறையில் ஆய்விதழ்களின் சிறப்பிதழ்களும் தொகுப்பு நூல்களும் அந்த வேலையைச் செய்திருக்கின்றன. 1978இல் குடும்பவியலின் முதன்மை ஆய்விதழ் கறுப்பினக் குடும்பங்களுக்கென்று ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. அதைத் தொகுத்தவர் மரீ பீட்டர்ஸ். 1981இல் ஹாரியட் பைப்ஸ் மெக்அடூ தொகுத்த கறுப்பினக் குடும்பங்கள் பற்றிய நூல் நான்கு பதிப்புகள் கண்டது. 1990இல் குழந்தை வளர்ச்சி ஆய்விதழின் சிறுபான்மைக் குழந்தைகள் சிறப்பிதழை மார்கரெட் பீல் ஸ்பென்சரும் வோனி மெக்லாய்டும் தொகுத்தார்கள். 1996இல் அதே இதழில், புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த சிந்தியா கார்சியா கோல் பலரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, பாகுபாட்டையும் குடியிருப்புப் பிரிவினையையும் குழந்தை வளர்ச்சியின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தது. உடன் எழுதியவர்களில் மெக்அடூவும் ஒருவர். இனக்குழு எல்லைகளைத் தாண்டி இப்படிக் கைகோத்ததுதான் இந்தத் துறையைத் துறையாக்கியது. அமெரிக்காவின் தேசியக் குடும்ப உறவுகள் கழகத்தின் சிறுபான்மை இனப் பிரிவு வழங்கும் விருதுக்கு மரீ பீட்டர்ஸின் பெயர் இருப்பது வெறும் மரியாதைக்காக அல்ல.

சரி, இவையெல்லாம் பழங்கதை, இன்று என்ன? கதவுகள் முழுதாகத் திறந்துவிடவில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு ஆய்விதழ்களை 1970 முதல் 1989 வரை அலசிய சாண்ட்ரா கிரஹாம், ஆப்பிரிக்க அமெரிக்கர் பற்றிய கட்டுரைகள் 4 சதவீதம்கூட இல்லை, அதுவும் போகப் போகக் குறைந்திருக்கிறது என்று 1992இல் காட்டினார். 2011இல் டோனா கின்தரும் உடன் ஆய்வாளர்களும், அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களின் நல்கை கிடைக்கும் வாய்ப்பு, கல்வி, பயிற்சி, வெளியீடுகள் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கு 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று கண்டார்கள். 2019இல் வந்த தொடர் ஆய்வுதான் உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது: அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருளாலேயே வருகிறதாம். சமூகம், மக்கள்தொகை சார்ந்த பொருள்களுக்கு நல்கை கிடைப்பது குறைவு. அத்தகைய பொருள்களைக் கறுப்பின ஆய்வாளர்கள் அதிகம் எடுக்கிறார்கள். தேசிய சுகாதார நிறுவனங்களுக்குள் அத்தகைய விண்ணப்பங்கள் போய்ச் சேரும் கிளை நிறுவனங்களில் நல்கை விகிதமே குறைவு என்று பின்னர் விளக்கம் சொன்னார்கள். விளக்கம் எதுவானாலும் விண்ணப்பித்தவருக்குக் கிடைப்பது மறுப்புக் கடிதம்தான்.

2025இல் நிலைமை இன்னும் இறுகியது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு, பன்மைத்துவம் சார்ந்தவை என்று வகைப்படுத்திய நல்கைகள் பலவற்றைப் பாதியிலேயே நிறுத்தியது; வழக்குகளும் தொடர்ந்தன. ஆகவே எந்த நெறியாளரிடம் போனாலும், உங்கள் உதவித்தொகை எந்தப் பணத்திலிருந்து வருகிறது, அது நின்றால் மாற்று என்ன என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இப்போது வழிகாட்டலின் உள்ளே போவோம். மாணவர் வேறு இனம், பேராசிரியர் வேறு இனம் என்றால் பெரும்பாலும் நடப்பது கடுமையல்ல. அளவுக்கு மீறிய மென்மை. தவறாக எடுத்துக்கொள்வாரோ என்ற அச்சத்தில் பேராசிரியர் 'அருமை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். மாணவருக்கு அது இனிக்கும். மூன்றாண்டு கழித்து ஆய்விதழ் மதிப்பாய்வாளர் அதே கட்டுரையைக் கிழித்துப்போடும்போதுதான் உறைக்கும். ஜெஃப்ரி கோஹன், கிளாட் ஸ்டீல், லீ ராஸ் மூவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தமக்குப் பிடித்த ஆசிரியரைப் பற்றி எழுத வேண்டும். நன்றாக இருந்தால் இதழில் வரும் என்று சொல்லப்பட்டது. கட்டுரையோடு அவர்களின் புகைப்படமும் இணைக்கப்பட்டது. ஆகவே தம் இனம் மதிப்பிடுபவருக்குத் தெரியும் என்பது மாணவர்களுக்கும் தெரியும். மதிப்பிடுபவரின் பெயர் வெள்ளையர் பெயர். சிலருக்கு வெறும் விமர்சனம் போனது. சிலருக்கு விமர்சனத்தோடு பொதுவான பாராட்டு. சிலருக்கு விமர்சனத்தோடு இரண்டு செய்திகள் சேர்ந்து போயின: நான் உயர்ந்த தரத்தை வைத்துத்தான் அளக்கிறேன், நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தத் தரத்தை உங்களால் எட்ட முடியும். வெறும் விமர்சனம் பெற்ற கறுப்பின மாணவர்கள் மதிப்பிட்டவர் பாகுபாடு காட்டுகிறார் என்று ஐயப்பட்டார்கள், திருத்தி எழுதும் ஊக்கமும் குறைந்தது. பாராட்டு சேர்த்தது அதை முழுதாகச் சரிசெய்யவில்லை. மூன்றாவது வகைதான் வேலை செய்தது.

ஆகவே, ஒரு நெறியாளர் அன்பானவரா என்று விசாரிப்பதைவிட, அவர் திருத்திக்கொடுத்த வரைவு ஒன்றைப் பார்க்க முடியுமா என்று அவருடைய மாணவரிடம் கேளுங்கள். ஓரங்களில் சிவப்பு நிறைய இருக்கட்டும். இறுதியில் 'இதை இந்த இதழுக்கு அனுப்பும் அளவுக்குக் கொண்டுபோகலாம், இரண்டாம் பகுதியை மாற்றிவிட்டு வா' என்று ஒரு வரியும் இருந்தால் அவர் நல்ல ஆள்.

அடுத்தது, உங்களைவிட உங்கள் இளைய பேராசிரியரை அதிகம் பாதிப்பது. ஸ்டான்ஃபோர்டின் அமாடோ பதில்லா 1994இல் அதற்குப் பண்பாட்டு வரி என்று பெயர் வைத்தார். பன்மைத்துவக் குழுவில் ஓர் ஆள் வேண்டுமா, அவர். சிறுபான்மை மாணவர் ஒருவர் தடுமாறுகிறாரா, அவரிடம் அனுப்பு. வெளியிலிருந்து விருந்தினர் வருகிறாரா, துறையின் முகமாக அவர் நிற்கட்டும். எல்லாமே நல்ல காரியங்கள். பணி நிரந்தரக் கோப்பில் எதற்கும் எடை இல்லை. துறைத் தலைவர் ஒருவரின் தலைமையை நான் அளப்பது இங்கேதான். மேடையில் என்ன பேசுகிறார் என்பதை விடுங்கள். தம் துறையின் இளையவரை எத்தனைக் குழுக்களிலிருந்து விடுவித்தார், அல்லது அந்த வேலையைக் கோப்பில் எழுதி எடை கொடுத்தாரா என்று பாருங்கள். நீங்களும் இந்த வரியைக் கட்ட வேண்டியவர்தான். முதலாண்டிலேயே புதுமுக மாணவர் வரவேற்புக் குழுவில் பெயர் சேர்ப்பார்கள். ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள், அடுத்ததை நெறியாளரிடம் காட்டிவிட்டுத்தான் ஒப்புக்கொள்வேன் என்று சொல்லுங்கள். மறுப்புக்கு அவரைக் காரணம் காட்ட அனுமதிப்பது ஒரு நெறியாளர் செய்யக்கூடிய சிறிய, ஆனால் அருமையான உதவி.

நெறியாளரும் ஆய்வுக்குரிய மக்களும் ஒரே இனமாக இருக்க வேண்டுமா? இருந்தால் சில விளக்கங்கள் மிச்சமாகும். அடிப்படையையே ஒவ்வொரு முறையும் நியாயப்படுத்த வேண்டியிராது. ஆனால் இனம் ஒன்றாக இருந்தும் வர்க்கமும் தலைமுறையும் வேறாக இருந்தால் அதே தவறுகள் வரும். மறுபக்கம், கரோல் ஸ்டாக் வெள்ளையர். கறுப்பினக் குடியிருப்பு ஒன்றில் பல காலம் பழகி 1974இல் அவர் எழுதிய நூல், 'குடும்பம்' என்பதை வீட்டுச் சுவருக்குள் தேடியவர்களின் கணக்கையே மாற்றியது. "இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் தாயும் குழந்தையும் என்று பதில் வரும், படிவத்தில் 'ஒற்றைப் பெற்றோர்' என்று பதிவாகும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பாட்டி தினமும் மாலையில் சோறு போடுவதும், சித்தப்பா வாடகைக்குப் பணம் தருவதும் எந்தக் கட்டத்திலும் ஏறாது. ஸ்டாக் அந்தக் கொடுக்கல் வாங்கல்களைப் பின்தொடர்ந்தார். சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தக் குடும்பங்களே.

உள்ளிருந்து வந்த ஆய்வாளரின் பலத்தைப் பார்க்க ரூத் சாவோ என்பவரின் 1994ஆம் ஆண்டு ஆய்வைப் படியுங்கள். உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் வகுத்த பிள்ளை வளர்ப்பு முறைகளின்படி அளந்தால் சீன அமெரிக்கப் பெற்றோர் 'அதிகாரம் செலுத்துவோர்' என்று வருவார்கள். அந்த முறையில் வளரும் பிள்ளைகள் பள்ளியில் பின்தங்க வேண்டும். ஆனால் இவர்கள் பின்தங்கவில்லை. புதிரை அவிழ்க்க சாவோ, 50 சீனப் புலம்பெயர் தாய்மாரிடமும் 50 ஐரோப்பிய அமெரிக்கத் தாய்மாரிடமும் பேசினார். சீனத் தாய்மாரின் கண்டிப்பு, பிள்ளையைப் பழக்கி ஆளாக்கும் பொறுப்போடும் மிகுந்த அக்கறையோடும் பின்னியது என்றும், பழைய அளவுகோலில் அதற்கு இடமே இல்லை என்றும் காட்டினார். தரவில் பிழை என்று மாணவர் ஒதுக்கிவைக்கக் கூடிய ஒன்றை, 'அளவுகோல்தான் தவறோ?' என்று கேட்க விடுபவரே நெறியாளர்.

மக்களைத் தரவு தரும் பொருளாக மட்டும் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனாவின் ஹவாசுபாய் பழங்குடியினரின் வழக்கு போதும். நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த இரத்த மாதிரிகள் அவர்கள் ஒப்புக்கொள்ளாத வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டன. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2010இல் 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இன்று நவஹோ போன்ற பழங்குடி அரசுகளிடம் சொந்த ஆய்வு அனுமதிக் குழு இருக்கிறது. பழங்குடிக் குடும்பங்களை ஆராய்வதென்றால் அந்தக் குழுவின் கால அட்டவணையே உங்கள் ஆய்வேட்டின் கால அட்டவணை. அதைத் தெரிந்துவைத்திருக்கும் நெறியாளர் வேண்டும்.

கலப்பினக் குடும்பங்களையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க முடிந்ததே 2000ஆம் ஆண்டில்தான். 2020இல் அப்படிக் குறித்தவர்கள் 3 கோடியே 38 லட்சம் பேர். கேள்வி வடிவமும் கணக்கிடும் முறையும் மாறியதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரே இனக்குழுவைச் சுற்றி வளர்ந்த மூத்த தலைமுறைக்கு இங்கே கைவசம் விடைகள் குறைவு. நீங்கள் உங்கள் வயதையொத்த ஆய்வாளர்களோடு சேர்ந்துதான் இதைக் கற்க வேண்டியிருக்கும்.

இனி அந்த இரண்டு பேராசிரியர்கள். ஒரே ஆள் எல்லாமாக இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். புள்ளியியலுக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர், வேலைச் சந்தையில் தொலைபேசியை எடுத்துப் பரிந்துபேச ஒருவர், மனம் சோர்ந்தால் போய் உட்கார ஒருவர் என்று நாலைந்து பேர் வேண்டும். ஆனால் ஆய்வேட்டில் கையெழுத்திடும் முதன்மை நெறியாளர் ஒருவரே. இளையவரிடம் இருக்கும் ஆபத்து வெளிப்படை: பணி நிரந்தரம் ஆகாமல் அவர் ஊரைவிட்டுப் போகலாம், நேரமும் அவரிடம் இல்லை. மூத்தவரிடம் இருக்கும் ஆபத்து தாமதமாகத் தெரியவரும்: உங்கள் கேள்வி மெல்ல மெல்ல அவர் கேள்வியாகிவிடலாம்.

இருவருடைய கட்டுரைப் பட்டியலையும் எடுத்துவைத்துக்கொண்டு, மாணவர்கள் முதல் ஆசிரியராக வரும் கட்டுரைகள் எத்தனை என்று பாருங்கள். படிப்பை முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். இடையில் விட்டுப்போனவர் ஒருவரையாவது கண்டுபிடித்துப் பேசுங்கள். முடித்தவர்கள் சொல்லாததை அவர் சொல்வார். திரட்டிய தரவை நீங்கள் பட்டம் பெற்றுப் போன பிறகும் பயன்படுத்தலாமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மூத்தவரைச் சந்தியுங்கள். உங்கள் திட்டத்தை ஐந்து நிமிடம் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி: "இந்த ஆய்வுக்கு வெள்ளையர் ஒப்பீட்டுக் குழு வேண்டுமா?" "நீ எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறாய் என்பதைப் பொறுத்தது, இன்னொரு முறை சொல்" என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டால் அவரையே முதன்மை நெறியாளராக வைத்துக்கொண்டு, இளையவரை இணை நெறியாளராக, பெயருக்கில்லாமல் எழுத்துப்பூர்வமாக, சேர்க்கச் சொல்லுங்கள்; அவருடைய பணி நிரந்தரக் கோப்பிலும் அது ஏறும். "கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் எந்த இதழும் எடுக்காது" என்று உங்கள் திட்டத்தை முழுதாகக் கேட்காமலே பதில் வந்தால் இளையவரிடம் சேருங்கள். மூத்தவரை ஆய்வுக் குழுவில் ஓர் உறுப்பினராக வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பாய்வாளர்கள் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல அவர் அங்கே நன்றாகவே பயன்படுவார்.